தரவுக் கோப்பில் வரி எங்கே முடிகிறது?

அளவீடுகளை வரிக்கு ஒன்றாக டெக்ஸ்ட் கோப்பில் எழுதி வைத்தால் எந்தக் கணினியிலும் எந்த மொழியிலும் படித்துக்கொள்ளலாம் என்றுதான் பலரும் நம்புகிறோம். எண்களைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட சரி. வரி முடிவில்தான் வம்பு, ஏனென்றால் கோப்புக்குள் வரி என்று எதுவும் கிடையாது, பைட்டுகள்தான், அதாவது 0 முதல் 255 வரையிலான எண்கள்தான், வரிசையாக இருக்கின்றன, அவற்றில் எதை வரி முடிவாக எடுத்துக்கொள்வது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகவில்லை.

டெலிடைப் இயந்திரத்தில் அச்சுத்தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவர 13, காகிதத்தை ஒரு வரி நகர்த்த 10 என இரண்டு குறிகள் இருந்தன. யூனிக்ஸ் 10 மட்டும் போதும் என்றது. எம்எஸ்-டாஸும் அதன் வழியில் விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன. பழைய மேக்கில் 13 மட்டும்.

விண்டோஸில் எழுதிய கோப்பை லினக்ஸில் ஒரு சி நிரல் வரி வரியாகப் படித்தால், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 13 ஒட்டிக்கொண்டே வரும். வரியின் கடைசி மதிப்பு எண்ணாக இருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். அங்கே 'நல்லது', 'சந்தேகம்' என்று அளவீட்டின் தரத்தைக் குறித்திருந்தால், திரையில் 'நல்லது' என்றே தெரியும், ஆனால் நிரல் தேடும் 'நல்லது'டன் பொருந்தாது. பிழைச்செய்தியும் வராது, அந்த அளவீடுகள் சத்தமில்லாமல் கணக்கிலிருந்து விழுந்துவிடும். பைத்தான் 3 டெக்ஸ்ட் கோப்பைத் திறக்கும்போது மூன்று வகையையும் ஏற்று 10 ஆக மாற்றித் தந்துவிடும், அதனால் பைத்தானில் ஓடியதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

எழுத்துகளாக இல்லாமல் தரவை நேரடியாக பைட்டுகளாக வைக்கும் பைனரி கோப்பில் இது இன்னும் மோசம். விண்டோஸில் அதை டெக்ஸ்ட் முறையில் எழுதினால், தரவுக்குள் தற்செயலாக வரும் ஒவ்வொரு 10க்கு முன்னாலும் ஒரு 13 நுழைந்து, அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் ஒரு இடம் தள்ளிப்போகும். அறிவியல் தரவுகளைச் சேமிக்கப் பயன்படும் எச்டிஎஃப்5 (HDF5) கோப்பு வடிவத்தை உருவாக்கியவர்கள் இதைக் கண்டுபிடிக்கவே கோப்பின் முதல் எட்டு பைட்டுகளில் ஒரு பொறி வைத்திருக்கிறார்கள்: 137, 72, 68, 70, 13, 10, 26, 10. வழியில் யாராவது வரி முடிவை மாற்றியிருந்தால் 13, 10 ஜோடியோ கடைசியில் உள்ள 10ஓ குலைந்திருக்கும், கோப்பைத் திறக்கும்போதே தெரிந்துவிடும். பிஎன்ஜி படக் கோப்பிலும் இதே ஏற்பாடுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது வானியலாளர்களின் ஃபிட்ஸ் (FITS) கோப்பு வடிவம். 1981இல் வெளியான இந்த வடிவத்தில், தரவைப் பற்றிய விவரங்கள் வரும் தலைப்புப் பகுதியில் வரி முடிவுக் குறியே கிடையாது. வரிக்கு 80 எழுத்து, 36 வரி சேர்ந்தால் 2880 பைட் கொண்ட ஒரு தொகுதி, அவ்வளவுதான். எடிட்டரில் திறந்தால் முடிவில்லாத ஒரே வரியாகத் தெரியும், படிக்கச் சிரமம்தான், ஆனால் எண்ணத் தெரிந்த எந்த மொழியும் அதைத் தவறில்லாமல் படித்துவிடும்.

சரி, டெக்ஸ்ட்தான் வேண்டும் என்றால், எழுதும்போது கோப்பை பைனரி முறையில் திறந்து 10ஐ நீங்களே எழுதுங்கள், படிக்கும்போது வரிக் கடைசியில் 13 இருந்தால் வெட்டிவிடுங்கள். அப்புறம், கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் தரவை வைப்பவர்கள் அந்தக் கோப்புகளின் வரி முடிவைத் தொடக்கூடாது என்று அமைப்பில் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸில் இறக்கும் பிரதியில் 13 சேர்ந்து, கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கக் கணக்கிடும் செக்சம் எண் ஒத்துப்போகாமல் போகலாம்.