மூடிய சுரங்கத்தில் நிற்கும் தண்ணீர்

என் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறது. வடகிழக்கு இங்கிலாந்தில், மூடிப் பல வருடமான ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் பிடித்த தண்ணீர். பிடித்த அன்று குடிதண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் கலங்கலாகி, அடியில் செங்காவி படிந்திருந்தது. தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகப் பிரிந்துவிட்டது. எங்கள் தொழிலின் பாதித் தலைவலி அந்தப் பாட்டிலுக்குள்தான்.

அந்தத் தண்ணீரை வைத்து வீடுகளைச் சூடாக்குவது எங்கள் வேலை. சுரங்கம் ஓடும்வரை இரவும் பகலும் மோட்டார் வைத்து நீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். மூடியதும் மோட்டாரைக் கழற்றிவிடுவார்கள். அப்புறம் மெல்ல மெல்ல எல்லாப் பாதைகளிலும் தண்ணீர் ஏறிவிடும். அதற்குக் கோடையும் தெரியாது, பனியும் தெரியாது. வடகிழக்கு இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரத்தின் அடியில், 150 மீட்டர் ஆழத்தில், சுமார் 15 டிகிரி. மேலே தெருவில் பனி உறைந்து கிடக்கும் ஜனவரியிலும் அதே சூடுதான்.

15 டிகிரி ஒரு சூடா என்று ஊரில் மாமா கேட்டார். ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள் என்றேன். உள்ளே இருக்கிற காய்கறியிலிருந்து பிடுங்கிய சூட்டைத்தான் அது வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் அதே வேலையைச் சுரங்கத் தண்ணீரிடம் பெரிய அளவில் செய்கிறது. ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்தால் ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். சூட்டைக் கொடுத்த தண்ணீர் இன்னொரு ஆழ்துளை (போர்) வழியாகச் சுரங்கத்துக்கே திரும்பிவிடும். கேட்ஸ்ஹெட்டில் 6 மெகாவாட் அளவில் இது 2023-இல் ஓடத் தொடங்கியது. நெதர்லாந்தின் ஹேர்லன் நகரம் 2008-லேயே ஆரம்பித்துவிட்டது. அங்கே கோடையில் கட்டடங்களின் சூட்டைச் சுரங்கத்தில் இறக்கிவைத்து, குளிர்காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்.

கேட்க எளிதாக இருக்கும். முதல் சிக்கலே போர் போடுவதில் வரும். சுரங்கம் என்பது ஒரே பெரிய குளம் அல்ல. கூரை விழாமல் தாங்குவதற்காக ஆங்காங்கே நிலக்கரியையே தூணாக விட்டுத்தான் வெட்டியிருப்பார்கள். நூறு மீட்டருக்கும் கீழே சில மீட்டர் அகலமே உள்ள பாதையைத் துளை சரியாகத் தொட வேண்டும். நான் இருந்த ஒரு வேலையில் துளை நேரே தூணுக்குள் போய் இறங்கியது. தண்ணீர் கசிந்ததே தவிர ஊறவில்லை. கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வந்திருக்கலாம் என்று நானே சொல்லிச் சிரித்தேன். செலவுக் கணக்கைப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. காரணம், பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தோடு பொருத்தியதில் சில மீட்டர் பிசகு. அந்த வரைபடமாவது இருந்தது. மூடும் சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1872-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதற்கு முன்னால் வெட்டியதெல்லாம் குருட்டாம்போக்குதான்.

இரண்டாவது சிக்கல் பாட்டில் விவகாரம். இறைக்கும் இடம் முதல் திரும்ப விடும் இடம் வரை குழாயில் காற்றே நுழையக் கூடாது. ஒரு வால்வு லேசாகக் காற்றை இழுத்தாலும், தண்ணீரின் சூட்டை வாங்கிக் கொடுக்கும் வெப்பப் பரிமாற்றியின் தகடுகளுக்கு இடையே காவி அப்பிக்கொள்ளும். கழற்றித் தேய்த்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

நம்மவர்கள் உடனே கோலார் தங்கவயலைக் கேட்பார்கள். எத்தனை தமிழ்க் குடும்பங்கள் உழைத்த இடம்! 2001-இல் மூடினார்கள். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், அடியில் பாறையே சுடும். ஆனால் அந்தச் சூட்டில் மின்சாரம் எடுப்பது லேசான காரியமில்லை. வீட்டைச் சூடாக்கும் தேவையும் அங்கே கிடையாது. நம் வெயிலுக்குச் சரிப்பட்டு வருவது தலைகீழ் வழி. மேலே காற்று 40 டிகிரி அடிக்கும்போது, ஆழம் குறைந்த சுரங்கத் தண்ணீர் அதைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும். ஏசியின் சூட்டைக் காற்றில் தள்ளுவதைவிட அதில் தள்ளினால் கரண்ட் குறையும். பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரியோ குளிர்பதனக் கிடங்கோ இருந்தால்தான் இது கட்டுப்படியாகும்.

சுரங்கத்தை மூடும் பொறுப்பில் இருக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் பாதைகளை இன்னொரு முறை அளந்து வரைந்துவையுங்கள். குழியை முழுக்க மண் போட்டு மூடாமல் ஒரு குழாயையாவது கீழ்வரை இறக்கிவிடுங்கள். தண்ணீர் ஏற ஏறச் சூட்டையும் இரும்பையும் குறித்துக்கொண்டே வாருங்கள். மாதிரி எடுக்கும் பாட்டிலைக் காற்றுக்கு இடம் விடாமல் விளிம்புவரை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகுங்கள்.