நிறமி என்க, சாயம் அன்று

‘மரபணு முறையில் சாயமேற்றப்பட்ட ரோஜா’ என்று எழுதுகிறவர்கள் எந்தப் பூவைப் பார்த்து எழுதுகிறார்களோ தெரியவில்லை. செய்தியா, மொழிபெயர்ப்புக் கட்டுரையா, எதைத் திறந்தாலும் பூவுக்குச் சாயம் பூசி வைத்திருக்கிறார்கள்.

நிறமியை ஆங்கிலத்தில் பிக்மென்ட் என்பார்கள்; அச்சொல்லின் லத்தீன் வேருக்குத் தீட்டுதல் என்று பொருள். தமிழில் உயிர், உயிரி ஆனதுபோல நிறம், நிறமி ஆயிற்று. பாடநூல்களில் எப்போதோ நிலைத்துவிட்ட சொல்.

சாயம் வெளியிலிருந்து ஏறுவது. வெள்ளைக் கார்னேஷனின் காம்பை நீலச் சாய நீரில் நிறுத்திப் பாருங்கள். இதழ் நரம்புகளிலும் ஓரங்களிலும் நீலம் திட்டுத்திட்டாகத் தேங்கும்; காம்பை நறுக்கினால் நீர்க்குழாய்கள் நீலப் புள்ளிகளாகத் தெரியும். அதைச் சாயமேற்றிய பூ என்பது சரி. 1990களில் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்த ‘மூன்டஸ்ட்’ கார்னேஷன் அப்படியல்ல. நீலச் சாயல் தரும் டெல்ஃபினிடின் நிறமிக்குத் தேவையான ஒரு நொதி கார்னேஷனில் இல்லை. அதற்கான மரபணுவைப் பெட்டூனியா என்ற பூச்செடியிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். பிறகு செடியே தன் இதழ்ச் செல்லுக்குள் நிறமியை ஆக்கிக்கொண்டது. இதில் ஏற்றியது யார், ஏறியது எது?

எதிர்த்தரப்புக்கு வலுவான வாதம் ஒன்று உண்டு. நீரில் கரைவது சாயம், கரையாதது நிறமி என்பது பெயின்ட் தொழிலின் பாகுபாடு. பூவுக்குச் சிவப்பும் ஊதாவும் நீலமும் தரும் ஆந்தோசயனின் நீரில் கரைகிறது, எனவே அது சாயமே என்பார்கள். ஆலைக்கு அந்தக் கணக்கு பொருந்தும். உயிரியலில் கரைகிறதா என்று யாரும் கேட்பதில்லை. உயிரி தானே ஆக்கும் நிறப்பொருள் எல்லாம் நிறமிதான்.

சாயம் என்றால் வேறொரு வம்பும் வரும். பெட்டூனியாவின் ஊதாவை அடர்த்தியாக்க நிறமி மரபணுவின் கூடுதல் நகலை அமெரிக்க ஆய்வாளர்கள் புகுத்தியபோது, சில பூக்கள் வெள்ளை வெளேரென்று மலர்ந்தன. 1990இல் வெளியான முடிவு இது. புகுந்த மரபணு செடியின் சொந்த மரபணுவையும் சேர்த்து அடக்கிவிட்டது. இதைச் ‘சாயம் வெளுத்தது’ என்று எழுதினால், ஆய்வாளரின் குட்டு உடைந்தது என்றல்லவா வாசகர் நினைப்பார்? இருந்த நிறம் எதுவும் போகவில்லை. நிறமி உருவாகவே இல்லை.

‘நிறப்பொருள்’ என்பாரோடு எனக்குச் சண்டையில்லை, சொல் நீளம் என்பதைத் தவிர. ஆனால் 2009இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ரோஜாவை ‘அடர்நீலச் சாய ரோஜா’ என்று தலைப்பிட்டவரை என்ன செய்வது? அதில் சாயமும் இல்லை, அடர்நீலமும் இல்லை. பான்சி என்ற பூச்செடியின் மரபணு உதவியால் அதன் இதழில் டெல்ஃபினிடின் நிறைந்திருக்கிறது. நிறமோ வெளிர் ஊதா.