முட்டித் தள்ளினால் வேகம் கூடுமா? டிரெவர் பெய்னும் டேடோனாவின் காற்றும்

ஒரே திறன் கொண்ட இரண்டு கார்களில் ஒன்று மற்றொன்றைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினால், இரண்டும் தனித்தனியாக எட்டும் வேகத்தைவிடக் கூடுதலான வேகத்தில் எப்படிப் போக முடியும் என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு எஞ்சின்கள் இரண்டு கார்களைத்தானே நகர்த்துகின்றன, அப்படியிருக்கக் கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது அவருடைய ஐயம். ஆற்றல் அழிவின்மை விதியை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கப்பட்ட நல்ல கேள்வி இது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2011 பிப்ரவரி 20 அன்று நடந்த டேடோனா 500 பந்தயத்தைக் கொண்டே இதற்கு விடை சொல்லலாம். முந்தைய நாள்தான் இருபது வயது நிறைந்திருந்த டிரெவர் பெய்ன், சாலைக் கார்களின் தோற்றத்தில் செய்யப்பட்ட வண்டிகள் ஓடும் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயங்களின் முதல் நிலைத் தொடரில் தாம் ஓட்டிய இரண்டாவது பந்தயத்திலேயே, அத்தொடரின் மிகப் பெரிய பரிசை வென்றார். அவருக்கு முன் அந்தப் பந்தயத்தை மிக இளம் வயதில் வென்றவர் ஜெஃப் கார்டன். 1997-ல் வென்றபோது கார்டனுக்கு வயது 25.

பெய்ன் 1991-ல் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் பிறந்தவர். ஐந்து வயதில் கோ-கார்ட் ஓட்டத் தொடங்கி, பதின்ம வயதின் தொடக்கத்தில் அலிசன் லெகசி என்னும் தொடருக்குச் சென்றார். ஸ்டாக் கார்களை முக்கால் அளவுக்குச் சுருக்கிச் செய்த வண்டிகள் ஓடும் தொடர் அது. அதில் தேசியச் சாம்பியன் பட்டம் பெற்ற பிறகு, 2008-ல் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் கிழக்கு மண்டலத் தொடரிலும், 2009-ல் இரண்டாம் நிலைத் தேசியத் தொடரிலும் ஓட்டினார். (நாஸ்காரின் தேசியத் தொடர்கள் மூன்று. மூன்றாம் நிலையான டிரக் தொடரில் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2010-ல் ஓட்டியது பலருக்கு நினைவிருக்கும்.) 2010-ன் இறுதியில் ரவுஷ் ஃபென்வே அணிக்கு மாறிய பெய்னுக்கு, அந்த நவம்பரில் டெக்சாஸில் உட் பிரதர்ஸ் அணியின் 21-ஆம் எண் ஃபோர்டு காரில் முதல் நிலைப் பந்தயம் ஒன்று கிடைத்தது. அதில் 17-ஆவதாக வந்தார். 1950-ல் தொடங்கப்பட்ட உட் பிரதர்ஸ், பந்தயத்தின் நடுவே சக்கரம் மாற்றி எரிபொருள் நிரப்பும் வேலையை ஓர் ஒழுங்கான கலையாக்கிய குடும்பம். ஆனால் 1976-க்குப் பிறகு, 2011-ல் பெய்ன் அதே 21-ஆம் எண் காரில் டேடோனாவுக்கு வரும்வரை, அவர்களுடைய கார் டேடோனா 500-ல் வென்றதே இல்லை. 2011-ல் எல்லாப் பந்தயங்களிலும் பங்கேற்கும் அளவுக்குக்கூட அவர்களிடம் பணம் இல்லை.

இனி காற்றுக்கு வருவோம். டேடோனாவின் ஓடுதளம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் சுற்றளவு கொண்டது. அதன் வளைவுகள் 31 பாகை சாய்ந்திருக்கின்றன. வளைவின் ஆரம் ஏறத்தாழ 305 மீட்டர் என்பதால், மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் காருக்கு அதன் எடையைப் போல் 2.6 மடங்கு மையநோக்கு விசை தேவைப்படுகிறது. அதில் கணிசமான பங்கைச் சாய்தளம் தன் எதிர்விசையால் தந்துவிடுவதால், ஓட்டுநர் சுற்று முழுவதும் முடுக்கியிலிருந்து காலை எடுக்காமலேயே ஓட்ட முடிகிறது. அந்த அளவு வேகம் ஆபத்தானது என்பதால், 1988 முதல் டேடோனாவிலும் டல்லடேகா என்னும் இன்னொரு அதிவேக ஓடுதளத்திலும் எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் குறைக்கும் துளைத்தகடு ஒன்று பொருத்தப்பட்டது. 800 குதிரைத்திறனுக்கு மேல் தரக்கூடிய எஞ்சின் அதனால் அன்று ஏறத்தாழ 450 குதிரைத்திறனோடு நின்றுவிட்டது. முடுக்கி முழுவதும் அழுத்தப்பட்டிருக்க, எல்லா எஞ்சின்களும் ஏறத்தாழ ஒரே திறனில் ஓடினால், வெற்றி தோல்வியைக் காற்றுத் தடைதான் முடிவு செய்யும்.

காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பது பள்ளிப் பாடம். அதை வெல்லத் தேவையான திறன், விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது என்பதால், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 2011-ல் தனியாக ஓடித் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்த கார் எட்டிய வேகம் மணிக்கு 299 கிலோமீட்டர். அதே நாட்களில் இணைந்து ஓடிய இரட்டைக் கார்கள் ஏறத்தாழ 331 கிலோமீட்டரைத் தொட்டன. இந்த இரண்டு எண்களே போதும், காற்று செய்த உதவியை நாமே கணக்கிட்டுவிடலாம். 331-ஐ 299-ஆல் வகுத்து மும்மடியாக்கினால் 1.36 வரும். அதாவது, தனிக் கார் ஒன்று அந்த வேகத்தை எட்ட 450-க்குப் பதிலாக ஏறத்தாழ 610 குதிரைத்திறன் வேண்டும். எஞ்சினின் திறன் கூடவில்லை. ஆகவே, அந்த வேகத்தில் இணையின் மொத்தத் தடை, இரண்டு தனிக் கார்கள் சந்திக்கும் தடையில் 74 விழுக்காடாகக் குறைந்திருக்க வேண்டும். டயர்களின் உருளல் தடையை விட்டுவிட்டுச் செய்த தோராயக் கணக்குதான் என்றாலும், மாணவரின் ஐயத்துக்கு இதில் விடை இருக்கிறது. கூடுதல் ஆற்றல் எங்கிருந்தும் வரவில்லை; காற்றைக் கலக்குவதில் வீணாகிக்கொண்டிருந்த ஆற்றலில் கால் பங்கு மிச்சமாயிற்று.

அந்தக் கால் பங்கு எப்படி மிச்சமாகிறது என்பதே இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம். மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரின் மூக்கில் மோதும் காற்று அங்கே நின்றுபோகிறது. அதன் இயக்கமெல்லாம் அழுத்தமாக மாறி, ஒவ்வொரு சதுர மீட்டரின் மீதும் ஏறத்தாழ 480 கிலோ எடைக்கு நிகரான விசையோடு அழுத்துகிறது. ஆனால் தடை என்பது முன்னால் அழுத்தும் காற்று மட்டுமன்று. கூரையைத் தாண்டி வரும் காற்று காரின் செங்குத்தான பின்புறத்தைத் தழுவி இறங்க முடியாமல் பிரிந்துவிடுகிறது. பிரிந்த இடத்தில் சுழல்கள் நிறைந்த, அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகி, காரோடு கூடவே வருகிறது. முன்னால் உயர் அழுத்தம் பின்னுக்குத் தள்ள, பின்னால் தாழ் அழுத்தம் பின்னுக்கு இழுக்க, இரண்டும் சேர்ந்ததே நாம் தடை என்று சொல்வது. பெரிய லாரியின் பின்னால் இருசக்கர வண்டியில் போனவர்களுக்கு இந்தத் தாழ் அழுத்தப் பகுதியின் அமைதி தெரிந்திருக்கும். (தயவுசெய்து யாரும் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம், லாரி பிரேக் போட்டால் தப்பிக்க இடமே இருக்காது.)

பின்னால் வரும் காருக்குக் கிடைக்கும் நன்மை எளிதில் புரியக்கூடியது. முன்கார் கலக்கிவிட்ட, ஏற்கெனவே முன்னோக்கி நகரும் காற்றுக்குள் அது ஓடுவதால், அதன் மூக்கில் மோதும் காற்றின் வேகமும் அழுத்தமும் குறைவு. வியப்புக்குரியது முன்காருக்குக் கிடைக்கும் நன்மைதான். பின்காரின் மூக்குக்கு முன்னே ஓர் உயர் அழுத்தக் குமிழ் எப்போதும் இருக்கிறது. அந்தக் குமிழ் முன்காரின் பின்னாலுள்ள தாழ் அழுத்தப் பகுதிக்குள் நுழையும்போது, அங்கிருந்த வெற்றிடம் போன்ற நிலை நிரம்பி, முன்காரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்த விசை தளர்ந்துவிடுகிறது. பின்னால் ஒரு கார் வந்திருக்கிறது என்பது முன்னால் போகும் காரைச் சுற்றியுள்ள காற்றுக்கு எப்படித் தெரிகிறது? காற்றில் அழுத்த மாற்றங்கள் ஒலியின் வேகத்தில், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் பரவுகின்றன. காரின் வேகமோ வினாடிக்கு 90 மீட்டர்தான். எனவே பின்காரின் மூக்கில் எழும் அழுத்தச் செய்தி, எதிர்த்து வரும் காற்றோட்டத்தையும் மீறி முன்னேறி, முன்காரின் முதுகை அடைந்துவிடுகிறது. ஒலியைவிட வேகமாக ஓடும் வண்டிகளாக இருந்திருந்தால் இந்த உதவி சாத்தியமே இல்லை. பின்னால் நடப்பது எதுவும் முன்னால் இருப்பவரை எட்டியிருக்காது. இரண்டு கார்களும் தொட்டுக்கொள்ளும்போது இடையிலுள்ள சுழல்களுக்கே இடமில்லாமல் போகிறது. காற்றின் கணக்கில் அவை ஒரே மூக்கும் ஒரே முதுகும் கொண்ட ஒரு நீளமான வண்டி, எஞ்சின்கள் மட்டும் இரண்டு.

ஒருவர் காற்றில் இன்னொருவர் ஒண்டி ஓடுவது டேடோனாவில் 1960-களிலிருந்தே பழக்கத்தில் உள்ளது. சுற்றுக் கணக்கில் தொட்டுக்கொண்டே ஓடுவது மட்டும் 2011-ல் திடீரென்று எளிதானதற்குக் காரணங்கள் உண்டு. 2007-ல் அறிமுகமான புதிய வடிவக் கார்களின் முன், பின் பம்பர்கள் ஒரே உயரத்தில் பொருந்தின. 2010 பந்தயத்தில் தளத்தில் குழி விழுந்து ஓட்டமே நின்றுபோனதால், ஓடுதளம் முழுவதும் 1978-க்குப் பிறகு முதல்முறையாகப் புதிதாகப் போடப்பட்டது. வழவழப்பான, நன்றாகப் பிடிமானம் தரும் அந்தத் தளத்தில், வளைவின் நடுவே முட்டப்பட்டாலும் முன்கார் நிலைகுலையவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு விலையும் உண்டு. தள்ளும் காரின் மூக்கு மூடப்பட்டுவிடுவதால் ரேடியேட்டருக்குள் புதிய காற்று நுழைவதில்லை. தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் முன் இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். இடம் மாறுவதற்குப் பிரிய வேண்டும்; பிரிந்த கணமே காற்றின் உதவி போய்விடும். வேகத்தைக் கண்டு கவலைப்பட்ட நாஸ்கார் இந்த இடத்தில்தான் கை வைத்தது. காற்று புகும் திறப்பைச் சிறியதாக்கியது. குளிர்விக்கும் அமைப்பின் அழுத்தத்துக்கு வரம்பு வைத்ததால் தண்ணீரின் கொதிநிலையும் தாழ்ந்தது. பந்தயத்துக்குச் சில நாட்களுக்கு முன் துளைத்தகட்டின் துளையையும் சற்றுக் குறுக்கியது. இவ்வளவுக்குப் பிறகும் பந்தயம் முழுவதும் இணைகளாகவே ஓடியது. 22 ஓட்டுநர்களிடையே முதலிடம் 74 முறை கைமாறி, அந்தப் பந்தயத்தின் வரலாற்றில் புதிய உச்சத்தைத் தொட்டது.

தள்ளுபவருக்கு எதிரே ஒரு காரின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது. முன்னே விபத்து நடந்தாலும் அவர் பார்க்க முடியாது. ரேடியோவில் வரும் குரலை நம்பியே முடுக்கியை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். சற்றே ஓரமாக முட்டினால் முன்காரின் பின்சக்கரங்கள் பிடிமானம் இழந்து சுழன்றுவிடும். கூட்டத்துக்குள் காற்றின் போக்கை ஊகித்து வழி கண்டுபிடிக்கும் திறன், முதியவர்கள் இருபது ஆண்டுகளில் சேர்த்த சொத்து. 2011-ன் டேடோனாவில் அதன் மதிப்புக் குறைந்தது. நேராக, பதற்றமின்றி, விட்டுவிடாமல் தள்ளக்கூடியவரை எல்லோரும் தேடினார்கள். தகுதிப் பந்தயத்தில் நான்கு முறை சாம்பியனான ஜெஃப் கார்டனோடு இணைந்து அவரைத் தள்ளியது புதுமுகமான பெய்ன்தான். அதன் இறுதியில் விபத்தில் சிக்கி, முதன்மைப் பந்தயத்தை 32-ஆம் இடத்திலிருந்து தொடங்க நேர்ந்தாலும், இவனை நம்பலாம் என்ற பெயர் அதற்குள் பரவிவிட்டது. பெய்னின் வெற்றிக்கு வேராக நான் கருதுவது இதைத்தான்.

விபத்துகளால் பந்தயம் 200 சுற்றுகளைத் தாண்டி நீட்டிக்கப்பட்டது. முதலிடத்தில் இருந்த டேவிட் ரேகனுக்கு அடுத்த இடத்தில், அவரைத் தள்ளுவதற்காக நின்றவர் பெய்ன். விபத்துக்குப் பின் ஓட்டம் மீண்டும் தொடங்கியபோது, தொடக்கக் கோட்டைக் கடக்கும் முன்பே தடம் மாறியதற்காக ரேகன் தண்டிக்கப்பட்டதால், தள்ள வந்தவர் தலைமை இடத்துக்கு வந்தார். கடைசி மறுதொடக்கத்தில், 2000-ஆம் ஆண்டின் சாம்பியன் பாபி லபான்டே அவரைத் தள்ளினார். டேவிட் கில்லிலண்ட் தள்ள, கார்ல் எட்வர்ட்ஸ் நெருங்கி வந்தார், 0.118 வினாடி இடைவெளியில் பெய்ன் 208-ஆவது சுற்றின் கோட்டைத் தாண்டினார்.

பிறந்தநாளுக்கு மறுநாள் என்பதைப் பிடித்துக்கொண்டு இதை விதியின் விளையாட்டு என்று சொன்னவர்கள் அமெரிக்காவிலும் இருந்தார்கள். பச்சை வண்ணக் காரும் வேர்க்கடலைத் தோலும் கேடு விளைவிக்கும் என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பிய துறை அது. ரேகனின் தவறு பெய்னுக்கு வாய்ப்பைத் தந்தது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் இரண்டாவது இடத்தில், தள்ளுவதற்குத் தயாராக அவர் நின்றதற்கு நாள்கோள் எதுவும் காரணமன்று. அந்த வாரம் முழுவதும் அவர் ஓட்டிய முறைதான் காரணம். உழைத்துக் கற்ற திறனை நட்சத்திரங்களின் கணக்கில் எழுதுவது, அந்த இளைஞருக்குச் செய்யும் அநீதி என்றே நான் நினைக்கிறேன். பந்தயப் பணத்தில் வளர்ந்த இந்தக் காற்றியல் அறிவு வேறு இடங்களுக்கும் பயன்படும். லாரிகளைக் கணினிக் கட்டுப்பாட்டில் நெருக்கமாக ஓட்டி எரிபொருளை மிச்சப்படுத்தும் ஆய்வுகள் இதே அழுத்தக் கணக்கையே நம்பியிருக்கின்றன. அத்தகைய ஆய்வுகளுக்கு அரசுகள் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பெய்ன் அந்த ஆண்டு இரண்டாம் நிலைத் தொடரின் பட்டத்துக்குப் போட்டியிடுவதாகப் பதிவு செய்திருந்தார். ஓர் ஓட்டுநர் ஒரு தொடரில் மட்டுமே புள்ளிகள் சேர்க்கலாம் என்ற விதி 2011-ல்தான் நடைமுறைக்கு வந்திருந்ததால், டேடோனா வெற்றிக்காக அவருக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. நவம்பரில் டெக்சாஸில் இரண்டாம் நிலைத் தொடரின் முதல் வெற்றியையும் பெற்றார். இணையாக ஓடும் முறையோ நெடுநாள் நீடிக்கவில்லை. 2012-ல் ஓட்டுநர்கள் ஒருவரோடொருவர் ரேடியோவில் பேசிக்கொள்வதை நாஸ்கார் தடை செய்தது. குளிர்விக்கும் திறப்பையும், காரின் பின்புறத்தில் காற்றைத் தடுக்கும் தகடான ஸ்பாய்லரையும் மேலும் மாற்றியது. தள்ளும் கார் விரைவிலேயே கொதிநிலையை எட்டியதால், முதல் நிலைத் தொடரின் ஓட்டுநர்கள் மீண்டும் பெருங்கூட்டமாக ஓடத் தொடங்கினார்கள்.