எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தோற்றவர்கள் படிக்கும் முறையை மாற்றுவது பற்றி

வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு, இந்தியாவில் பதிவு பெறுவதற்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தோற்றவர்கள் ஆலோசனைக்கு வரும்போது பெரும்பாலும் முதலில் எடுத்துக் காட்டுவது புதிய கால அட்டவணையைத்தான். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் படித்தவர் இனிப் பன்னிரண்டு மணி நேரம் படிப்பதாக அதில் எழுதியிருப்பார். எப்படிப் படிக்கப்போகிறார் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இருக்காது. அதே காணொளி வகுப்புகள், மூன்று நிறங்களில் கோடிட்ட அதே குறிப்பேடு.

2002 முதல் நடந்துவரும் இத்தேர்வில் 300 வினாக்கள் உண்டு. 150 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. உடற்கூறியலுக்கு 17 வினாக்களும் சமூக மருத்துவத்துக்கு 30 வினாக்களும் ஒதுக்கப்பட்டிருந்தும், உடற்கூறியலில் தொடங்கி அதிலேயே மாதங்களைக் கரைத்துவிட்டு, சமூக மருத்துவத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுபவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். இதைத் திருத்த ஒரு மாலைப்பொழுது போதும். படிக்கும் பழக்கத்தைத் திருத்துவதுதான் கடினம்.

ஒரு பக்கத்தை நான்காவது முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். பார்த்த முகம் என்று அடையாளம் காண்பதற்கும் பெயரைச் சொல்லி அழைப்பதற்கும் உள்ள வேறுபாடு அங்கே மறைந்துவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது ஏறத்தாழ 40 விழுக்காடு. ஓர் அமர்வில் மட்டும் வாசித்துவிட்டு, அடுத்த அமர்வுகளில் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களுக்கோ ஏறத்தாழ 61 விழுக்காடு நினைவிருந்தது. ஆகவே, என்னிடம் வருபவர்களைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெள்ளைத்தாளில் எழுதச் சொல்கிறேன். முதல் சில நாட்கள் தாள் பெரும்பாலும் காலியாகவே இருக்கும்; அதைக் கண்டு அஞ்சி பழைய குறிப்பேட்டுக்கே ஓடிவிடுபவர்களும் உண்டு.

இரண்டாவது மாற்றம், தவறிய வினாக்களையும் தவறியதன் காரணத்தையும் எழுதிவைக்கும் பிழை நோட்டு. ஓர் எடுத்துக்காட்டு: வயலில் பூச்சிமருந்து அடித்தவர் கண்பாவை சுருங்கி, வாயில் எச்சில் வழிய, மூச்சுத் திணறலுடன் கொண்டுவரப்படுகிறார், உடனடியாகத் தர வேண்டிய மருந்து எது என்பது வினா. ஒரு மாணவர் பிராலிடாக்சைம் என்று குறித்திருந்தார். சரியான விடை, அந்தச் சுரப்புகளை அடக்கும் அட்ரோபின். பிழை நோட்டில் அவர் எழுதியிருந்த காரணம் 'மறந்துவிட்டேன்'. விசாரித்தபோது இரண்டு மருந்துகளும் செயல்படும் விதத்தைத் தடையின்றிச் சொன்னார். அவர் தவறவிட்டது 'உடனடியாக' என்ற சொல்லையும், நுரையீரலில் சுரந்து நிறையும் நீர்தான் அந்த நோயாளியின் உயிரை முதலில் பறிக்கும் என்ற மருத்துவ அறிவையும். அந்தப் பாடத்தை மறுபடி வாசிப்பதால் இப்பிழை தீராது. தெரியாதது, தெரிந்தும் குழம்பியது, வினாவைச் சரியாக வாசிக்காதது என ஒவ்வொரு பிழைக்கும் காரணம் பிரித்து எழுதினால், எந்தப் பிழையை எப்படித் தீர்ப்பது என்பது தானே தெரியும். பலருக்கு இரண்டாம் வகைதான் மிகுதியாக இருக்கிறது என்பது என் அனுபவம்.

திருப்புதலுக்கும் இடைவெளி வேண்டும். இன்று எழுதிப் பார்த்ததை மூன்று நாள் கழித்தும், பின் பத்து நாள் கழித்தும், பின் ஒரு மாதம் கழித்தும் எழுதிப் பார்ப்பது, ஒரே வாரத்தில் ஐந்து முறை வாசிப்பதைவிடக் குறைந்த நேரத்தையே எடுத்துக்கொள்ளும்.

மாதிரித் தேர்வை உண்மைத் தேர்வைப் போலவே, 150 வினாக்கள் கொண்ட இரு பகுதிகளாக, ஒவ்வொன்றையும் இரண்டரை மணி நேரத்தில், ஒரே நாளில் எழுத வேண்டும். கைப்பேசியில் பேருந்துப் பயணத்தின்போது இருபது வினா, இரவில் முப்பது வினா என்று எழுதியவர்களுக்கு, இருநூறாவது வினாவுக்குப் பின் கவனம் எப்படிச் சிதறும் என்பது தேர்வறையில்தான் முதன்முதலாகத் தெரியவரும். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த மாதிரித் தேர்வுக்குத் தாவாமல், மறுநாள் முழுவதையும் பிழைகளைப் பிரிப்பதற்கே ஒதுக்குங்கள். ஊகித்துச் சரியாகிப்போன விடைகளையும் அந்த நோட்டில் சேருங்கள்.