பழைய எக்ஸ்பல்ஸ் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள்

காட்டுப்பாதை ஓட்ட ஆசைப்பட்டுப் பழைய வண்டி தேடுகிறவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200இல்தான். 2019இல் வந்த பைக். முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலக் கம்பி வீல். விலை கட்டுப்படியாகும், உதிரிபாகமும் கிடைக்கும். ஆனால் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்பதைத்தான். மண்ணில் ஓடிய வண்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது. தார் ரோட்டில் 30,000 கி.மீ. ஓடிய இன்ஜின் திடமாக இருக்கும். புழுதியில் 8,000 ஓடியது பிஸ்டன் ரிங் தேய்ந்து நிற்கும்.

ஆகவே முதல் வேலை, ஏர் ஃபில்டரைக் கழற்றுவது. ஃபில்டரில் அழுக்கு இருந்தால் கவலையில்லை, அழுக்கைப் பிடிப்பதுதான் அதன் வேலை. ஃபில்டரைத் தாண்டி இன்ஜின் பக்கம் போகும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால், அந்த மண் சிலிண்டருக்குள்ளும் போயிருக்கிறது. பிஸ்டன், ரிங், சிலிண்டர் போர் (உட்சுவர்) வேலைக்கான செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள், இல்லையேல் வேறு வண்டி பாருங்கள்.

வண்டியைக் குளிர்ந்த நிலையில் பார்ப்பது முக்கியம். போனதும் இன்ஜினைத் தொடுங்கள். சூடாக இருந்தால், முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், ஆறும்வரை காத்திருங்கள். ஸ்டார்ட் ஆனதும் நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. காலையில் சற்று நேரம் வந்து மறையும் வெண்புகை வெறும் ஈரம்தான். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால், ஓடையில் மூழ்கிய வண்டியோ என்று சந்தேகப்படுங்கள். ஏர் ஃபில்டர் இருக்கும் ஏர் பாக்ஸ் வழியாகவோ, இன்ஜின் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாகவோ தண்ணீர் இறங்கியிருக்கும்.

அடுத்தது, விழுந்த கதை. கீறலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்த வகை வண்டி விழத்தான் செய்யும், பிளாஸ்டிக்கை மாற்றிவிடலாம். ஹேண்டிலை இருபுறமும் கடைசிவரை திருப்புங்கள். அது சேஸில் முட்டி நிற்கும் சின்ன இரும்புத் துண்டு நசுங்கியோ வளைந்தோ இருந்தால், அடி பலமாக விழுந்திருக்கிறது. அப்போது சேஸ் கழுத்து வெல்டிங்கை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழை விரிசலோ அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட்டோ இருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடலாம். இன்ஜினைக் கல்லடியிலிருந்து காக்கும் அடித்தகட்டைக் கழற்றி, இன்ஜினுக்குக் கீழே சேஸ் குழாய் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். விற்பவர் கழற்ற மறுத்தால் அதுவே ஒரு பதில்.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் கோன் செட் (ஹேண்டில் கழுத்து பேரிங்) போய்விட்டது. ஃபோர்க் குழாயில் நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கும் கீறல் இருந்தால் புது ஆயில் சீல் போட்டாலும் மறுபடி கிழியும். பின்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டினால் 'டக் டக்' என்றால், பின் சஸ்பென்ஷனைச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்கேஜின் பேரிங் அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது. சேறும் தண்ணீரும் முதலில் தின்பது அதைத்தான். வீல் கம்பி ஒவ்வொன்றையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டுங்கள். 'டிங்' என்றால் இறுக்கம், மொத்தையான சத்தம் என்றால் தளர்வு.

ராலி கிட் (கரடுமுரடான பாதைக்கான உயர சஸ்பென்ஷன் தொகுப்பு) போட்டது என்று சொன்னால் அளந்து பாருங்கள். சாதாரண மாடலில் முன் சஸ்பென்ஷன் நகர்வு 190 மி.மீ., பின் 170 மி.மீ. கிட் போட்டால் 250, 220. வண்டி உயர்ந்துவிடுவதால் அதற்கு நீளமான சைடு ஸ்டாண்டும் வேண்டும். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது நாலாவது கியரில் மெதுவாகப் போய் முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்தது.

காகித வேலையில் சோம்பல் வேண்டாம். சேஸ், இன்ஜின் எண்களை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டும். கடன் இருந்த வண்டி என்றால் கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35உம், வெளிமாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28உம் வேண்டும். இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற, வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.