உல்லன் எல்லாம் கம்பளி இல்லை

நேற்று வந்தது இந்த வருடத்தின் நான்காவது தொப்பி. அந்த அம்மா பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். நமுத்த அப்பளம் மாதிரி துவண்டு கிடந்தது. கண்ணிகள் அத்தனை சீர். ஒரு மாத உழைப்பு. பின்னி முடித்து, வெந்நீரில் போட்டு அரை மணி நேரம் தேய்த்திருக்கிறார். சுருங்கி இறுகி கெட்டியான ஃபெல்ட் (இழைகள் ஒன்றோடொன்று கோத்து இறுகிய கம்பளித் துணி) தொப்பி ஆகியிருக்க வேண்டியது, காதைத் தாண்டித் தொங்குகிறது. "தண்ணி சூடு பத்தலையோ மேடம்?"

சூடெல்லாம் போதும். நூல்தான் கம்பளி இல்லை.

ஊட்டியில் பின்னல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து இதையே சொல்கிறேன். நம் கடைகளில் "உல்லன்" கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அந்த நூலுக்குப் பேரே அப்படி ஆகிவிட்டது. மெத்தென்று இருக்கும், விலை குறைவு, பிள்ளைகள் ஸ்வெட்டருக்கு அருமை. நானே வாங்குகிறேன். ஆனால் அது பிளாஸ்டிக் இழை. ஆட்டு ரோமத்தில் இருக்கும் செதில் அதில் கிடையாது. செதில் இல்லாமல் இழையோடு இழை கோத்துக்கொள்ளாது. எந்த சோப்பு போட்டாலும் சரி, எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் சரி. கொதிநீர் அதன் விறைப்பை எடுத்துவிடும், அவ்வளவுதான். "விலை அதிகமான நூலாச்சே" என்கிறார்கள். விலை கொடுத்தால் செதில் முளைக்குமா? (சாண்டிநல்லாவில் செம்மறி ஆட்டுக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர்க் கடைகளில் அசல் கம்பளி நூலுக்கு அலைய வேண்டியிருப்பது என் தீராத வயிற்றெரிச்சல்.)

அசல் மெரினோ (அந்தப் பெயருள்ள செம்மறி ஆட்டின் மெல்லிய கம்பளி) வாங்கியும் ஏமாறுபவர்கள் உண்டு. லேபிளில் சூப்பர்வாஷ் என்றிருந்தால், மெஷினில் போட்டாலும் சுருங்கக் கூடாதென்றே பக்குவம் செய்த கம்பளி அது. ஸ்வெட்டருக்கு வரம், நம் வேலைக்கு ஆகாது.

லேபிள் தொலைந்ததா? விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேல் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், தீயை விலக்கினால் பெரும்பாலும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகும். அந்தச் சொட்டு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். கையில் பிடித்துக் கொளுத்தாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

சூப்பர்வாஷை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதனால், தயவுசெய்து, தொப்பிக்கு முன் 15 செ.மீ. சதுரம் ஒன்று பின்னித் தேய்த்து, அளந்து பாருங்கள். ஒரு சாயங்கால வேலை, ஒரு மாதம் மிச்சம். தடித்த ஊசியில் தளர்வாகப் போடுங்கள். அகலத்தைவிட உயரம்தான் பொதுவாக அதிகம் சுருங்கும். தொப்பி முதலில் குடம் மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். துனிசியாவின் சிவப்பு செஷியா தொப்பியையும் தலையைவிட மிகப் பெரிதாகப் பின்னித்தான், வெந்நீரும் சோப்பும் போட்டு இறுக்குகிறார்கள், சாயம் அதற்கப்புறம்.

அடுப்பில் கொதிக்க வைத்துக் கைவிடுகிற வேலை வேண்டாம். கை தாங்கும் சூடு, கொஞ்சம் சோப்பு, ரப்பர் கையுறை. வேலை செய்வது தேய்ப்புதான். ஐந்து நிமிடத்துக்கொருமுறை எடுத்துப் பாருங்கள், இறுகினதைத் தளர்த்த முடியாது. மெஷினில் போடுபவர்கள் ஜிப் வைத்த தலையணை உறைக்குள் போடுங்கள். உதிரும் ரோமம் மெஷினை அடைத்துக்கொள்ளும். பிழிய விடாதீர்கள், விழுந்த மடிப்பு போகாது. தலை அளவுக்கு ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அதில் மாட்டி நிழலில் காயவிடுங்கள். எங்கள் பனியில் மூன்று நாள் ஆகும்.

அந்த அம்மா வீட்டில் இன்னும் நான்கு உருண்டை இருந்ததாம். இன்று காலை ஃபோன். "மேடம், மூணு உருகிடுச்சு, ஒண்ணு மட்டும் முடி நாத்தம் வருது!" சரி, அதில் சதுரம் போடுங்கள் என்றேன்.