கையில் கட்டிய கருவிக்கு உடம்பிலுள்ள நைட்ரஜன் எப்படித் தெரியும்?

ஸ்கூபா பழகத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர், இந்த ஆழத்தில் இன்னும் இத்தனை நிமிடம் இருக்கலாம் என்று காட்டுகிறது. என் உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் அதற்கு எப்படித் தெரிகிறது?"

தெரியவே தெரியாது. அந்த எண்ணுக்காக அது அளப்பது நீரின் அழுத்தத்தையும் நேரத்தையும் மட்டும்தான். மீதியெல்லாம் கணக்கு.

அடிப்படை எளிது. நீர்மட்டத்திலேயே காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). ஆழம் 10 மீட்டர் கூடினால் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் கூடும். 30 மீட்டரில் 4 பார். சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் அந்த அழுத்தத்தில் உடம்பில் அதிகமாகக் கரையும். சட்டென்று மேலேறினால் குமிழ்களாகப் பிரியும். மூட்டுவலியிலிருந்து பக்கவாதம் வரை போகக்கூடிய பெண்ட்ஸ் நோய் இதனால்தான் வருகிறது.

சரி, கணக்கு எப்படி நடக்கிறது? பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்த ஜான் ஸ்காட் ஹால்டேன், 1908இல் ஓர் அருமையான வழியை வெளியிட்டார். உடம்பு முழுக்க ஒரே வேகத்தில் நைட்ரஜன் ஏறுவதில்லை. ரத்தம் நிறையப் பாயும் இடம் சீக்கிரம் நிரம்பும், கொழுப்பு மெதுவாக நிரம்பும். அதனால் உடம்பை ஐந்து கற்பனைத் திசுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அரைநேரம் கொடுத்தார். அரைநேரம் 5 நிமிடம் என்றால், நிரம்ப வேண்டியதில் பாதி 5 நிமிடத்தில் நிரம்பும், அடுத்த 5 நிமிடத்தில் மிச்சத்தில் பாதி.

பின்னாளில் சூரிச்சில் மருத்துவர் ஆல்பர்ட் பூல்மன் இதைப் பதினாறு திசுக்களாக விரித்தார். இன்று பல டைவ் கம்ப்யூட்டர்களில் ஓடுவது இந்தக் கணக்குதான். மிக மெதுவான திசுவின் அரைநேரம் 635 நிமிடம். எந்தத் திசு எவ்வளவு தாங்கும் என்பதிலும் வித்தியாசம் உண்டு. நீர்மட்டத்துக்கு வரும்போது 5 நிமிடத் திசுவில் ஏறத்தாழ 3 பார் நைட்ரஜன் இருந்தாலும் இந்தக் கணக்கு ஏற்கும். 635 நிமிடத் திசுவுக்கு 1.3 பாரைத் தொடும் முன்பே எல்லை வந்துவிடும். திரையில் என்டிஎல் (நோ-டிகம்ப்ரஷன் லிமிட், வழியில் கட்டாயமாக நிற்காமல் மேலேற அனுமதிக்கும் நேரம்) என்று தெரிகிற எண், இந்தப் பதினாறில் முதலில் எல்லையைத் தொடப்போவது எதுவோ, அதற்கு மிச்சமிருக்கும் நிமிடங்கள். ஆழத்தில் வேகமான திசுக்கள்தான் முதலில் எல்லைக்கு வரும். 30 மீட்டரிலிருந்து 15க்கு ஏறிப் பாருங்கள், அந்த எண் கிடுகிடுவென்று கூடும். பொறுப்பு மெதுவான திசுவின் கைக்கு மாறிவிட்டது! கையில் கட்டும் ஒரு கருவிக்குள் இப்படிப் பதினாறு கணக்குகள் ஓயாமல் ஓடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்ப்புதான்.

பாதுகாப்பு விதிகளும் இந்தக் கணக்கிலிருந்தே வருகின்றன. ஒரு மணி நேரம் மேலே ஓய்வெடுத்தால் 5 நிமிடத் திசு அநேகமாகக் காலி. 109 நிமிடத் திசுவிலோ, கூடுதலாகச் சேர்ந்ததில் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே இருக்கும். அந்த மிச்சம் உங்கள் கருவியின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அடுத்த டைவுக்கு நண்பரின் கருவியைக் கட்டினால், அது அவருடைய உடம்புக் கணக்கைத்தான் தொடரும். புதுக் கருவி என்றால் நீங்கள் தண்ணீரையே தொடாதவர் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டுமே ஆபத்து.

சிலிண்டரில் என்ன வாயு என்பதும் நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும். 32 சதவீத ஆக்சிஜன் என்று பதிந்துவிட்டுச் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால், 79 சதவீத நைட்ரஜனை 68 என்று கணக்கிட்டு, இல்லாத நிமிடங்களைக் காட்டும். அதனால் ஒவ்வொரு டைவுக்கு முன்னும் வாயு அமைப்பையும் பேட்டரியையும் பார்த்துவிடுங்கள். ஆழம், நேரம், என்டிஎல் மூன்றும் திரையில் எங்கே வரும் என்பதைக் கரையிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

குளிர், களைப்பு, நீரிழப்பு இவையெல்லாம் பெண்ட்ஸ் வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. உங்கள் உடம்பு அன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதைப் பதினாறு திசுக் கணக்கு அறியாது. அதனால் என்டிஎல் பூஜ்யமாகும்வரை காத்திருக்காதீர்கள், சில நிமிடங்கள் மிச்சமிருக்கும்போதே ஏறத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம், 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். நடுவில் திரை அணைந்துபோனால் டைவ் அதோடு முடிந்தது. இதே முறையில் மேலே வந்து, அடுத்த 24 மணி நேரம் தண்ணீருக்குள் இறங்காதீர்கள்.